மெமரி கார்டைச் செருகினால் எதுவும் தெரியவில்லையா? லினக்ஸ் கம்ப்யூட்டரில் கார்டு ரீடரைச் சோதிப்பது எப்படி

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதன் பிறகு பலர் தங்கள் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு பதிந்து பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். என் நண்பர் ஒருவரும் அப்படித்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர். இன்டர்நெட், கடிதம், பாட்டு எல்லாம் நன்றாக வேலை செய்தன. ஒரு நாள் மெமரி கார்டு ஒன்றை லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள ஸ்லாட்டில் செருகினார். திரையில் எந்த மாற்றமும் இல்லை.

அந்தக் கார்டில் இருந்தவை பேத்தியின் காதணி விழாப் படங்கள். படம் எடுத்த போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. வேறு எங்கும் நகல் இல்லை. "லினக்ஸ் என்றால் இப்படித்தான்" என்று யாரோ சொல்ல, கார்டை ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர் "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று கேட்டது. கடைப் பையன் மவுஸைப் பட்டனின் மேல் கொண்டுபோய்விட்டான். நண்பர் அவசரமாகத் தடுத்துக் கார்டை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

அந்தப் படங்கள் கிடைத்தனவா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று பார்ப்போம். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். "ஃபார்மட் செய்யவா?" என்ற கேள்விக்கு "கார்டு கெட்டுவிட்டது" என்று பொருள் இல்லை. "என்னால் படிக்க முடியவில்லை" என்பதே அதன் பொருள். ஏன் படிக்க முடியவில்லை என்று தெரியும் வரை உங்கள் பதில் "வேண்டாம்" என்பதாகவே இருக்கட்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

கார்டைச் செருகியதும் நான்கு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும்.

1. கார்டின் உலோகத் தகடுகள் ஸ்லாட்டின் ஊசிகளில் சரியாகப் படிய வேண்டும்.

2. கார்டு ரீடர் சிப்பை லினக்ஸ் அடையாளம் கண்டு, அதற்கான டிரைவரை ஏற்றியிருக்க வேண்டும்.

3. அந்தச் சிப் கார்டுடன் பேசி அதன் வகை, கொள்ளளவு ஆகியவற்றை அறிந்து அதற்கு ஒரு பெயர் தர வேண்டும்.

4. கார்டில் உள்ள ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொண்டு திறந்து காட்ட வேண்டும். இதைத்தான் மவுன்ட் செய்தல் என்பார்கள்.

இந்த நான்கில் எது அறுந்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: படங்கள் வரவில்லை. எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: கண்ணால் பாருங்கள்

புதிய லேப்டாப் சிலவற்றில் தூசி புகாமலிருக்க ஸ்லாட்டில் வெறும் பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகி விற்பார்கள். அதை வெளியே எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் விரலால் உள்ளே ஒரு முறை அழுத்தினால் அது வெளியே வரும்.

கார்டின் தகடுகளில் அழுக்கோ பச்சைப் பூச்சோ தெரிந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். அழிரப்பரால் தேய்ப்பது நம்மூர் வழக்கம். ஆனால் ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் போனால் புதிய தொல்லை. துணியே போதும். ஸ்லாட்டுக்குள் ஊக்கு, குச்சி எதையும் விடாதீர்கள். உள்ளே உள்ள ஊசிகள் மிக மெல்லியவை.

போனில் பயன்படுத்தும் சின்ன மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் போட்டுச் செருகுகிறீர்களா? அப்படியானால் அடாப்டரையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

படி 2: மாற்றிப் பாருங்கள்

எந்தக் கட்டளையும் தட்டாமல் செய்யக்கூடிய சோதனை இது. இதே லேப்டாப்பில் வேறொரு கார்டைச் செருகிப் பாருங்கள். அது தெரிந்தால் ஸ்லாட்டும் டிரைவரும் சரி. தவறு முதல் கார்டில் அல்லது அடாப்டரில் இருக்கிறது. எந்தக் கார்டும் தெரியவில்லை என்றால் ரீடரைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, முதல் கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் அல்லது யு.எஸ்.பி.யில் செருகும் தனி கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். மாற்றும்போது அடாப்டரையும் மாற்றுங்கள். பழைய அடாப்டருடனேயே பத்து இடத்தில் சோதித்தாலும் பத்து இடத்திலும் அதே விடைதான் வரும்.

மிகப் பழைய லேப்டாப்பாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2 ஜி.பி. வரை உள்ளவை சாதாரண எஸ்டி கார்டுகள். அதற்கு மேல் 32 ஜி.பி. வரை எஸ்டிஹெச்சி. அதற்கும் மேல் 2 டி.பி. வரை எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஹெச்சி 2006ஆம் ஆண்டிலும் எஸ்டிஎக்ஸ்சி 2009ஆம் ஆண்டிலும் அறிமுகமாயின. எஸ்டிஹெச்சிக்கு முந்தைய ரீடர் அந்தக் கார்டைப் படிக்காது. கார்டிலும் பழுதில்லை, லினக்ஸிலும் பழுதில்லை. தனி ரீடர் வாங்குவதே வழி.

படி 3: லினக்ஸ் கார்டைப் பார்க்கிறதா?

இனி டெர்மினலுக்குப் போவோம். பயப்பட வேண்டாம். இங்கே நாம் தட்டப்போகும் கட்டளைகள் எல்லாம் தகவலைக் காட்டுபவை மட்டுமே. எதையும் அழிக்காது. கன்ட்ரோல், ஆல்ட் கீகளை அழுத்திக்கொண்டு ஆங்கில டி எழுத்தைத் (டெர்மினலின் முதல் எழுத்து) தட்டினால் உபுண்டுவிலும் மின்ட்டிலும் டெர்மினல் விண்டோ திறக்கும். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி என்டர் கீயை அழுத்த வேண்டும்.

முதல் கட்டளை எல்எஸ்பிஎல்கே. லிஸ்ட் என்பதன் சுருக்கமாக எல், எஸ். பிளாக் என்பதன் சுருக்கமாக பி, எல், கே. ஐந்தையும் இடைவெளி விடாமல் தட்டுங்கள். கம்ப்யூட்டரில் உள்ள டிஸ்க்குகளின் பட்டியல் வரும்.

இதைக் கார்டு இல்லாமல் ஒரு முறையும், கார்டைச் செருகிப் பத்து விநாடி கழித்து ஒரு முறையும் செய்யுங்கள். இரண்டாம் முறை கூடுதலாக வந்த வரிதான் உங்கள் கார்டு. ரீடர் எந்த வழியில் இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து அதன் பெயர் எம்எம்சிபிஎல்கே0 என்றோ எஸ்டிபி என்றோ இருக்கும். அதன் கீழே கிளை போலத் தெரியும் எம்எம்சிபிஎல்கே0பி1 அல்லது எஸ்டிபி1 என்பது கார்டில் உள்ள பார்ட்டிஷன். கொள்ளளவு குறைவாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். கார்டு தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள்; இந்தக் கட்டளை 1024 கணக்கில் காட்டுகிறது. அதனால் 32 ஜி.பி. கார்டு 30க்குச் சற்றுக் குறைவாகத் தெரிவது இயல்பே.

இங்கே ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த லேப்டாப்கள் சிலவற்றில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் இஎம்எம்சி என்ற சிப் இருக்கும். அதன் பெயரும் எம்எம்சிபிஎல்கே என்றே தொடங்கும்! அருகிலேயே பூட்0, பூட்1 என்று முடியும் பெயர்கள் தெரிந்தால் அது உங்கள் கம்ப்யூட்டரின் உள் சேமிப்பகம். கார்டு என்று நினைத்து அதில் கை வைத்துவிடாதீர்கள். கார்டு இல்லாமலும் கார்டுடனும் இரண்டு முறை பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

புதிய வரி வந்துவிட்டதா? நான்கு வேலைகளில் முதல் மூன்றும் முடிந்துவிட்டன. நேராகப் படி 6க்குப் போங்கள். வரவில்லை என்றால் அடுத்த படி.

படி 4: கெர்னல் என்ன சொல்கிறது?

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், தான் செய்வதை எல்லாம் குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குறிப்பை நாம் நேரடியாகப் பார்க்கலாம். முதலில் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு சூடோ என்ற சொல்லை எஸ், யு, டி, ஓ என்று தட்டி, ஓர் இடைவெளி விடுங்கள். அடுத்து டிமெசேஜ் என்பதன் சுருக்கமான டி, எம், இ, எஸ், ஜி. மீண்டும் ஓர் இடைவெளி. பிறகு கழித்தல் குறியும் அதை ஒட்டி டபிள்யூ எழுத்தும். என்டர் தட்டினால் பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு திரையில் தெரியாது. தட்டி முடித்து என்டர் கொடுங்கள்.

வரிசையாகப் பல வரிகள் ஓடி நிற்கும். இப்போது கார்டைச் செருகுங்கள். கீழே புதிதாக என்ன வருகிறது என்று கவனியுங்கள்.

* "எம்எம்சி0: நியூ ஹைஸ்பீடு எஸ்டிஹெச்சி கார்டு" என்பது போன்ற வரி வந்தால் கார்டு நலமாகப் பேசுகிறது.

* எரர் என்ற சொல்லுடன் -110 என்ற எண் வந்தால், ரீடர் கேட்டது, கார்டு குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்று பொருள். எண் -84 என்றால் பதில் வந்தது, ஆனால் வழியில் சிதைந்து வந்தது. இந்த இரண்டுக்கும் முதலில் சந்தேகிக்க வேண்டியவை அழுக்கான தகடு, தளர்ந்த அடாப்டர், சரியாக உட்காராத கார்டு. இவற்றைச் சரிசெய்த பின்னும் அதே எண் வந்தால்தான் கார்டையோ டிரைவரையோ குறை சொல்லலாம்.

* ஒரு வரிகூட வரவில்லை என்றால், கார்டு செருகப்பட்டதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

பார்த்து முடித்ததும் கன்ட்ரோல் கீயுடன் சி எழுத்தை அழுத்தினால் கட்டளை நிற்கும்.

படி 5: ரீடர் இருப்பது லினக்ஸுக்குத் தெரியுமா?

உள்ளமைந்த ரீடர்கள் இரண்டு வழிகளில் இணைக்கப்படுகின்றன. ஒன்று பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். மற்றொன்று லேப்டாப்பின் உள்ளேயே ஓடும் யு.எஸ்.பி. எனவே இரண்டு கட்டளைகளையும் பார்த்துவிட வேண்டும். எல், எஸ் எழுத்துகளை ஒட்டி பி.சி.ஐ. என்பதன் மூன்று எழுத்துகள் சேர்ந்தது ஒன்று. எல், எஸ் எழுத்துகளை ஒட்டி யு.எஸ்.பி. என்பதன் மூன்று எழுத்துகள் சேர்ந்தது இன்னொன்று.

வரும் பட்டியலில் கார்டு ரீடர் என்றோ எஸ்டி ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பல லேப்டாப்களில் இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் சிப். ஆர்டிஎஸ்5229, ஆர்டிஎஸ்5129 போன்ற எண்கள் அதற்கு இருக்கும். முதலாவது பி.சி.ஐ. பட்டியலிலும் இரண்டாவது யு.எஸ்.பி. பட்டியலிலும் வரும். பி.சி.ஐ. பட்டியலில் ரியல்டெக் ரீடருக்கு முன்னால் "அன்அசைன்டு கிளாஸ்" என்று போட்டிருக்கும். பார்த்தவர்கள் "ஏதோ கோளாறு" என்று நினைப்பதுண்டு. அது கோளாறு இல்லை. சிப் தன் வகையைப் பொதுவான பெயரில் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பி.சி.ஐ. கட்டளையின் பின்னால் ஓர் இடைவெளி, கழித்தல் குறி, கே எழுத்து சேர்த்தால் ஒவ்வொரு சாதனத்தின் கீழும் அதை இயக்கும் டிரைவரின் பெயரும் வரும். ரியல்டெக் என்றால் ஆர்டிஎஸ்எக்ஸ் என்று தொடங்கும் பெயர். எஸ்டி ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்றால் எஸ்டிஹெச்சிஐ என்று தொடங்கும் பெயர். இந்த டிரைவர்கள் கெர்னலிலேயே உள்ளன. விண்டோஸில் செய்வது போலச் சி.டி. தேடிப் பதிய வேண்டியதில்லை.

ரீடர் இருக்கிறது, டிரைவர் வரி இல்லை என்றால் உங்கள் கெர்னல் அந்தச் சிப்பைவிடப் பழையதாக இருக்கலாம். அப்டேட் மேனேஜர் மூலம் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள். அல்லது புதிய லினக்ஸ் பதிப்பைப் பென் டிரைவில் போட்டு, பதியாமலேயே லைவ் முறையில் இயக்கிப் பாருங்கள். அதில் கார்டு தெரிந்தால் உங்கள் லேப்டாப்பில் பழுதில்லை. புதிய பதிப்புக்கு மாறினால் போதும்.

ரீடரும் டிரைவரும் இருந்தும் கார்டைச் செருகும்போது ஒரு வரிகூட வரவில்லையா? மின்சாரம் சேமிக்க உறங்கப்போன ரீடர் விழித்துக்கொள்ளாமல் இருக்கலாம். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யாமல் முழுமையாக ஷட் டவுன் செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு கார்டைச் செருகிய நிலையிலேயே ஆன் செய்து பாருங்கள். இப்போது தெரிந்தால் கோளாறு மின்சேமிப்பில்தான். அதற்கும் கெர்னல் அப்டேட்டை முயன்று பாருங்கள்.

ரீடர் எந்தப் பட்டியலிலுமே இல்லை என்றால் பயாஸ் செட்டப்புக்குள் போங்கள். சில லேப்டாப்களில் கார்டு ஸ்லாட்டை அங்கே நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. அது டிஸேபிள் என்று இருந்தால் எனேபிள் ஆக்கிச் சேமியுங்கள். அங்கும் இல்லை, லைவ் முறையிலும் தெரியவில்லை என்றால் ரீடரே பழுது. லேப்டாப்பைப் பிரித்துச் செலவு செய்வதைவிட யு.எஸ்.பி. கார்டு ரீடர் வாங்குவது மலிவு.

படி 6: பட்டியலில் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை

இப்போது பிரச்சினை நான்காவது வேலையில். மெனுவில் டிஸ்க்ஸ் என்ற புரோகிராமைத் திறந்து இடப்பக்கம் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் என்ன ஃபைல் சிஸ்டம் உள்ளது என்று தெரியும். 32 ஜி.பி. வரையிலான கார்டுகள் பெரும்பாலும் ஃபேட் வகை. 64 ஜி.பி. முதல் எக்ஸ்ஃபேட் வகை.

இந்த எக்ஸ்ஃபேட்தான் பழைய லினக்ஸ்களில் தகராறு. இது மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. 2019 ஆகஸ்டில்தான் அதன் முழு விவரத்தையும் அந்நிறுவனம் வெளியிட்டது. அதன்பின் 2020இல் வந்த கெர்னல் 5.7 முதல் நல்ல எக்ஸ்ஃபேட் டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. உங்களிடம் உள்ள கெர்னல் எது என்று அறிய, யு எழுத்தையும் நேம் என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஆர் எழுத்தும் தட்டுங்கள். அதைவிடப் பழையது என்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் எக்ஸ்ஃபேட் என்று தேடி எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் என்பதைப் பதியுங்கள்.

ஃபைல் சிஸ்டம் எதுவென்றே தெரியவில்லை என்று காட்டினால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்தக் கார்டைப் போனில் போட்டபோது "இன்டர்னல் ஸ்டோரேஜாகப் பயன்படுத்து" என்பதைத் தேர்ந்தெடுத்தீர்களா? 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த வசதி உண்டு. அப்படிச் செய்த கார்டைப் போன் ரகசியக் குறியீட்டில் பூட்டிவிடும். வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடியாது. அதே போனில் திரும்பப் போட்டுத்தான் படங்களை எடுக்க வேண்டும்.

படி 7: படிக்கிறது, எழுத மறுக்கிறது

"ரீட் ஒன்லி" என்று வந்தால் முதலில் கார்டின் அல்லது அடாப்டரின் ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டு நெம்பைப் பாருங்கள். லாக் பக்கம் நகர்ந்திருந்தால் மேலே தள்ளுங்கள்.

நெம்பு சரியாக இருந்தும் எழுத மறுத்தால் ஃபைல் சிஸ்டத்தில் பிழை இருக்கலாம். முதலில் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். அதன் பிறகே டிஸ்க்ஸ் புரோகிராமில் அந்தப் பார்ட்டிஷனை அன்மவுன்ட் செய்து, பல்சக்கரப் பட்டனை அழுத்தி, ரிப்பேர் ஃபைல்சிஸ்டம் என்பதைக் கொடுங்கள். ஆயுள் முடியும் தறுவாயில் சில கார்டுகள் தாமாகவே எழுத மறுத்துவிடும். அதைச் சரிசெய்ய முடியாது. படிக்க விடுகிறதே என்று மகிழ்ந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டால்?

உடனே கார்டை வெளியே எடுங்கள். அதில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள். சாதாரண விரைவு ஃபார்மட்டில் பெரும்பாலும் பட்டியல் மட்டுமே அழியும். படங்கள் அப்படியே இருக்கும். புதிதாக எழுதும்போதுதான் அவை நிரந்தரமாக அழிகின்றன. ஃபோட்டோரெக் என்ற இலவச புரோகிராம், பட்டியலைப் பார்க்காமல் கார்டு முழுவதையும் துழாவிப் படங்களைத் தேடி எடுக்கும். சாஃப்ட்வேர் மேனேஜரில் டெஸ்ட்டிஸ்க் என்ற பெயரில் தேடுங்கள். ஃபோட்டோரெக்கும் அதனுடன் வரும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. ஹார்டு டிஸ்க்கில் சேமியுங்கள். ஃபைல்களின் பழைய பெயர்கள் கிடைக்காது, படங்கள் கிடைக்கும்.

கார்டை எடுக்கும் முன் ஃபைல்ஸ் விண்டோவில் அதன் பெயருக்கு அருகில் உள்ள எஜெக்ட் அடையாளத்தைக் கிளிக் செய்யும் பழக்கம் வேண்டும். நீங்கள் நகலெடுக்கும் ஃபைல்களை லினக்ஸ் முதலில் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சிறிது நேரம் கழித்தே கார்டில் எழுதி முடிக்கும். திடீரென்று உருவினால் பாதியில் நிற்கும். எத்தனையோ கார்டுக் கோளாறுகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

நண்பரின் கார்டு என்ன ஆயிற்று?

அவருடைய லேப்டாப்பில் படி 4 வரை வந்தோம். கார்டைச் செருகியதும் -110 என்ற எண்ணுடன் எரர் வந்தது. ரீடர் சரி, டிரைவர் சரி, கார்டு மட்டும் பதில் சொல்லவில்லை. வீட்டிலும் கடையிலும் கம்ப்யூட்டர் வேறு வேறு. இரண்டு இடத்திலும் மாறாமல் இருந்தது அடாப்டர். என் மேஜை இழுப்பறையில் கிடந்த வேறொரு அடாப்டரில் போட்டுச் செருகினேன். ஐந்தாவது விநாடியில் ஃபோல்டர் திறந்தது. காதில் கம்மலும் கண்ணில் நீருமாகப் பேத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். படங்கள் முழுவதையும் அங்கேயே லேப்டாப்பில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக நகல் எடுத்துக் கொடுத்தேன்.

கடையில் அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால், மோசமான அடாப்டர் செய்த தவறுக்கு நல்ல கார்டு தண்டனை அனுபவித்திருக்கும். எனவே உங்கள் கார்டு தெரியவில்லை என்றால் மேலே சொன்ன வரிசையிலேயே போங்கள். பார்ப்பது, மாற்றுவது, பட்டியலைப் படிப்பது எல்லாம் முதலில். கார்டில் எழுதும் எந்த வேலையும் படங்களை நகல் எடுத்த பிறகுதான். இன்று உங்கள் கார்டு நன்றாக வேலை செய்கிறதா? அப்படியானால் அதிலுள்ள படங்களுக்கு இன்றே இன்னொரு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.